மலையேறும் தாய்க்கும் சீனி வருமா?

(சங்கத்தின் மாதர் பிரிவுத் தலைவிமாருக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு “கர்ப்பிணித் தாய்மாரும் நீரிழிவும்”. நீரிழிவு என்பதை நாம் சீனி வருத்தம் என்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன். தலைப்பைக் கேட்டதும் பின்வரிசையில் இருக்கிற தலைவர்மார் சிலர், “இது பொம்பளைகள் சமாச்சாரம்” என்று வெளியே தேத்தண்ணி குடிக்கப் போகப் பார்க்கிறார்கள். தயவுசெய்து உட்காருங்கள். இது சம்பளத்தோடும் பேரோடும் சம்பந்தப்பட்ட விஷயம். தாய்மார் காதில் மட்டும் விழுந்து உங்கள் காதில் விழாமல் போனால், இந்தப் பேச்சால் பாதிப் பிரயோசனம்தான்.

லயத்துக்கு லயம் போய்க் கர்ப்பிணிகளைப் பதிந்த காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று. “மிஸ், நாங்க விடிஞ்சதும் மலைக்குப் போறோம். கூடையைச் சுமந்துக்கிட்டு ஏறி இறங்குறோம். வேர்வை சிந்தி வேலை செய்யிற எங்களுக்கு எப்படிச் சீனி வரும்? அது குந்தியிருக்கிற பணக்காரருக்கு வர்ற வருத்தம் இல்லையா?” நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்கான பதில் தெரியாததால்தான் நம் தாய்மார் பலர் பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறார்கள். முதலில் வருத்தம் என்ன என்பதைப் பார்ப்போம். பிறகு அந்தக் கேள்விக்கு வருகிறேன்.

வருத்தம் எப்படி வருகிறது?

நாம் சாப்பிடுகிற சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் வயிற்றில் கரைந்து குளுக்கோஸ் என்ற சீனியாக இரத்தத்தில் சேருகிறது. அதை இரத்தத்திலிருந்து உடம்பின் கலங்களுக்குள் அனுப்புகிற வேலை இன்சுலினுடையது. இன்சுலின் கணையத்தில் சுரக்கிறது. இன்சுலின் போதாவிட்டால், அல்லது இருக்கிற இன்சுலினுக்கு உடம்பு பணியாவிட்டால், சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடும். அதுதான் சீனி வருத்தம்.

கர்ப்பம் தரித்ததும் நச்சுக்கொடியிலிருந்து சில ஹோர்மோன்கள் சுரக்கின்றன. பிள்ளைக்கு உணவு தட்டுப்படாமல் இருக்க அவை தாயின் இன்சுலினுடைய வேகத்தைக் குறைக்கும். இது இயற்கை. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து அதைச் சமாளித்துவிடும். சிலருக்கு அந்தச் சக்தி போதாது. அவர்களுக்கு, பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி, இரத்தத்தில் சீனி ஏறுகிறது. இதைக் கர்ப்ப கால நீரிழிவு என்கிறோம். இன்னும் சிலருக்குக் கர்ப்பத்துக்கு முன்பே சீனி இருந்திருக்கும், முதன்முதலாகக் கிளினிக்கில்தான் அது தெரிய வரும். இரண்டாவது வகை கூடுதல் ஆபத்தானது. பிள்ளையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகிற முதல் வாரங்களிலேயே சீனி கூடுதலாக இருப்பதால் அங்கவீனம் ஏற்படலாம்.

இது அரிதான வருத்தம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் பிறக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவரின் தாய்க்குக் கர்ப்ப காலத்தில் சீனி கூடுதலாக இருந்தது என்று சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2021இல் கணக்கிட்டது. நமது தென்னாசியப் பகுதியில் அப்போது அது ஏறக்குறைய 4 பேரில் ஒருவராக இருந்தது.

இந்த வருத்தத்துக்கு வெளியே தெரிகிற அடையாளம் அநேகமாகக் கிடையாது. தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு என்று சொன்னால், “பிள்ளைத்தாச்சிக்கு அது சகஜம்தானே” என்று மாமியார் சொல்லிவிடுவார். மாமியார் சொல்வதும் பொய்யில்லை. ஆகவே இரத்தம் எடுத்துப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பிள்ளைக்கு என்ன ஆகும்?

தாயின் இரத்தத்தில் இருக்கிற சீனி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. அதிகமாக வருகிற சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் சின்னக் கணையம் தானே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது. பிள்ளை கொழுத்துப் பெரிதாகிறது. பிரசவத்தில் தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளும். தாய்க்குக் கிழிவு, இரத்தப்போக்கு, சத்திரசிகிச்சை என்று போகும். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வந்த சீனி சட்டென்று நின்றுவிடும். பிள்ளையின் இன்சுலின் மட்டும் கூடுதலாகவே இருக்கும். அதனால் பிறந்த சில மணி நேரத்துக்குள் பிள்ளையின் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறலாம், பனிக்குட நீர் அளவுக்கு மிஞ்சிச் சேரலாம். கவனிக்காமல் விட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறந்து போவதும் உண்டு. நம் லயங்களில் “கண் பட்டுவிட்டது”, “காத்துக் கறுப்பு” என்று சொல்லிப் புதைத்த பிள்ளைகளில் எத்தனை சீனியால் போனவை என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இனிமேல் போகாமல் தடுக்கலாம். அதற்கு மருந்தும் இருக்கிறது, வழியும் இருக்கிறது.

யாருக்கு வரக்கூடும்?

தலைவிமார் இதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது சீனி வருத்தம் இருக்கிறவர்கள். முந்திய கர்ப்பத்தில் சீனி இருந்தவர்கள். முன்பு பெரிய எடையில், அதாவது 4 கிலோவுக்கு மேல், பிள்ளை பெற்றவர்கள். காரணம் தெரியாமல் பிள்ளை இறந்து பிறந்தவர்கள். 35 வயதைத் தாண்டிக் கர்ப்பமானவர்கள். உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் சூலகத்தில் கட்டி என்று மருந்து எடுத்தவர்கள். இவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஆனால் இந்தப் பட்டியலில் ஒன்றுமே இல்லாத தாய்க்கும் வரலாம். அதனால்தான் எல்லாக் கர்ப்பிணிக்கும் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைக்காரருக்கு வைத்த அளவு நமக்குப் பொருந்தாது. ஆசிய மக்களுக்கு உடல் திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆபத்து தொடங்குகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. 5 அடி உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு அது சுமார் 53 கிலோ. “நான் மெலிந்துதானே இருக்கிறேன்” என்று சொல்கிற பலர் உண்மையில் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். மலையேறி உழைக்கிற பெண்ணுக்கு எப்படிச் சீனி வரும்?

இங்கிலாந்தில் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911ஆம் ஆண்டு தொடங்கி, பிறந்த பிள்ளைகளின் எடையையும் ஒரு வயதில் அவர்களுடைய எடையையும் தாதிமார் பதிவுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். என்னைப் போன்ற மருத்துவமாதுகள்தான். பல பத்தாண்டுகள் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து, அதில் பதிவான பிள்ளைகளை முதியவர்களாகச் சந்தித்து இரத்தம் பரிசோதித்தார்கள். 1991இல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைவாகப் பிறந்தவர்களுக்குத்தான் வயதான பிறகு சீனி வருத்தம் கூடுதலாக வந்திருந்தது.

காரணம் இதுதான் என்று அவர்கள் விளக்கினார்கள். தாயின் வயிற்றில் உணவு போதாத பிள்ளை, மூளையைக் காப்பாற்றுவதற்காகக் கணையம், தசை போன்றவற்றின் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது. பஞ்சத்தில் வாழப் பழகிய உடம்பாகப் பிறக்கிறது. பின்னாளில் அந்த உடம்புக்கு மாவும் சீனியும் நிறையக் கிடைத்தால் அதன் கணையம் தாங்காது. இந்தியாவில் பூனா நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் அங்கே பிறக்கிற பிள்ளைகளை இங்கிலாந்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூனாப் பிள்ளையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துப் பிள்ளையினது 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்த பிள்ளையின் உடம்பில் தசைதான் குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு.

இதை நம் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். இலங்கையில் 2016ஆம் ஆண்டு நடந்த மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 100க்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 100க்கு 32 பேர். ஏறக்குறைய இரட்டிப்பு. எடை குறைந்த பிறப்பும் தோட்டப் பகுதியில்தான் அதிகம் என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நமது பாட்டியும் அம்மாவும் அரை வயிற்றோடு கொழுந்து பறித்துச் சுமந்த பிள்ளைகள்தான் இன்றைய கர்ப்பிணிகள். அவர்களுடைய உடம்பில் அந்தப் பசியின் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அதனால் மலையேறுகிற பெண்ணுக்குச் சீனி வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. அது அவளுடைய சோம்பலாலும் வரவில்லை, அவள் செய்த பாவத்தாலும் வரவில்லை.

தாய்க்குச் சீனி இருந்தால் பிள்ளைக்கும் பின்னாளில் சீனி வரும் ஆபத்து கூடுகிறது. எடை குறைந்து பிறந்தாலும் ஆபத்து, அளவு மிஞ்சிக் கொழுத்துப் பிறந்தாலும் ஆபத்து. இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்ட வேண்டும். வெட்டக்கூடிய இடம் கர்ப்ப காலம்.

ரொட்டியும் தேத்தண்ணியும்

நம் சாப்பாட்டைப் பார்ப்போம். காலையில் கோதுமை மா ரொட்டி, சம்பல். மலைக்குக் கொண்டுபோவதும் ரொட்டி. இரவில் சோறு, ஒரு குழம்பு. சம்பளத்துக்குள் வயிற்றை நிரப்ப மாவைத் தவிர வேறு வழியில்லாமல்தான் இந்தப் பழக்கம் வந்தது. தீட்டிய வெள்ளை மா வயிற்றில் சீக்கிரம் கரைந்து சீனியை வேகமாக ஏற்றும். கூடவே பருப்போ மீனோ கீரையோ இல்லாவிட்டால் இன்னும் வேகமாக ஏறும்.

தேத்தண்ணியைக் கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தேக்கரண்டிச் சீனி சுமார் 5 கிராம். ஒரு கோப்பைக்கு 2 கரண்டி, நாளைக்கு 6 கோப்பை என்றால் 60 கிராம். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. ஆகத் தேத்தண்ணியிலேயே நம் கணக்கு முடிந்துவிடுகிறது. சிலர் சீனிக்குப் பதில் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்கிறார்கள். இரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதற்காகக் கடையில் கிடைக்காத சாமானை வாங்கச் சொல்லமாட்டேன். நம் கைக்கு எட்டியதைச் சொல்கிறேன். கர்ப்பிணி மூன்று வேளை அளவாகச் சாப்பிட்டு, இடையில் இரண்டு மூன்று முறை சிறிதாகச் சாப்பிட வேண்டும். ஒரே நேரத்தில் வயிறு முட்டச் சாப்பிடுவதும், பிறகு நீண்ட நேரம் பட்டினி கிடப்பதும் கூடாது. மூன்று ரொட்டிக்குப் பதில் ஒன்றரை ரொட்டி, அதோடு அவித்த கடலையோ பயறோ ஒரு கை. பருப்பைத் தண்ணீராக வைக்காமல் கெட்டியாக வைக்க வேண்டும். நெத்தலிக் கருவாடு, முட்டை. லயத்துக்குப் பின்னால் முளைக்கிற வல்லாரை, பொன்னாங்காணி, பூசணி இலை. சோற்றுத் தட்டில் பாதிக்கு மரக்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, கால் பங்கு சோறு. உருளைக்கிழங்கு மரக்கறி ஆகாது, அதைச் சோற்றின் பங்கில் சேர்த்துவிடுங்கள். தேத்தண்ணியில் சீனியை ஒரேயடியாக நிறுத்த முடியாவிட்டால் வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வாருங்கள்.

ஆம்பளைகளுக்கும் ஒரு வார்த்தை. மீன் துண்டு யார் தட்டில் விழுகிறது என்பதை வைத்துத்தான் அந்த வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளையின் எடை இருக்கும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியின் அடியில் இருக்கிற குழம்பைத் துடைத்துச் சாப்பிடுகிற கர்ப்பிணிக்கு நான் சொன்ன கால் பங்கும் பாதிப் பங்கும் எங்கிருந்து வரும்?

பரிசோதனை எப்போது?

கர்ப்பம் என்று தெரிந்தவுடன், 8 வாரத்துக்குள், குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். முதல் கிளினிக்கிலேயே இரத்தத்தில் சீனி பார்க்கப்படும். அதில் சீனி இல்லை என்று வந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பரிசோதனைதான் நம் தாய்மார் தவறவிடுவது. “முதலில் பார்த்தார்களே, ஒன்றும் இல்லையாம்” என்று இருந்துவிடுகிறார்கள். நச்சுக்கொடி ஹோர்மோன் உச்சத்துக்கு ஏறுகிற காலம் இதுதான். முதல் பரிசோதனை இதற்கு ஈடாகாது.

குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும், வெறும் தண்ணீர் குடிக்கலாம். முதலில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் குடிக்கத் தருவார்கள். ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி எடுப்பார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 மில்லிகிராம். இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டினாலும் கர்ப்ப கால நீரிழிவு என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2013இல் வெளியிட்ட அளவு. உங்கள் கிளினிக்கில் வைத்தியர் சொல்கிற அளவைக் கேட்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு அறிவுரை. பரிசோதனை முடிந்ததும் சாப்பிட ரொட்டியோ பிஸ்கட்டோ கையில் கொண்டுவாருங்கள். வெறும் வயிற்றோடு திரும்ப மலைப்பாதையில் நடந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. அடுத்தது, கிளினிக்குக்கு இரண்டு நாள் முந்தி ரொட்டியைக் குறைத்து, தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் இருந்து “நல்ல ரிப்போர்ட்” எடுக்காதீர்கள். மிஸ் ஏமாந்து போகலாம், பிள்ளை ஏமாறாது. வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சீனி இருக்கிறது என்றால்?

பயப்பட வேண்டாம். பெரும்பாலான தாய்மாருக்குச் சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடந்தாலே கட்டுக்குள் வந்துவிடும். வெறும் வயிற்றில் 95க்குக் கீழும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழும் வைத்திருக்கப் பார்ப்பார்கள். முடியாதவர்களுக்கு மெட்போமின் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள்.

இன்சுலின் என்றதும் நம் ஆட்கள் நடுங்குகிறார்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டும், பிள்ளைக்கு ஆகாது என்கிறார்கள். இரண்டும் சரியில்லை. நான் முன்பு சொன்னபடி இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போவதில்லை. கர்ப்ப கால நீரிழிவில் பிரசவத்தோடு பெரும்பாலும் ஊசி நின்றுவிடும். 1921இல் கனடாவில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்கு முன்பு சீனி வருத்தம் உள்ள தாய்மாரில் பலர் பிரசவம் வரை உயிரோடு இருந்ததில்லை. பான்டிங் பிறந்த நவம்பர் 14ஆம் திகதியைத்தான் உலக நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறோம்.

லயக்காம்பராவில் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று கேட்பீர்கள். பாவனையில் இருக்கிற இன்சுலின் குப்பியை அறை வெப்பத்தில் சுமார் 4 வாரம் வைத்திருக்கலாம். நம் மலைநாட்டுக் குளிர் அதற்கு நல்லது. அடுப்புப் பக்கத்திலும், வெயிலில் காய்கிற தகரக் கூரைக்கு அடியிலும் வைக்காதீர்கள். ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள் தண்ணீர் படாமல் மூடி வைத்தால் போதும்.

ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற தாய்க்கு இன்னொரு ஆபத்து உண்டு. ஊசி போட்டு, சாப்பிடாமல், மேட்டில் ஏறிக் கொழுந்து பறித்தால் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கிவிடும். கை நடுங்கும், குளிர்ந்து வேர்க்கும், கண் இருட்டும், பேச்சு குழறும். உடனே 3 தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அப்படிப்பட்ட தாய் படங்குக்குள் ஒரு சிறு பொட்டலம் சீனி முடிந்து வைத்திருக்க வேண்டும். பக்கத்து நிரையில் பறிக்கிறவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை பிறந்த பிறகு

பிரசவத்தோடு சீனி இறங்கிவிட்டால் எல்லாரும் மறந்துவிடுகிறோம். கர்ப்ப காலத்தில் சீனி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் ஆபத்து மற்றப் பெண்களைவிட 7 முதல் 10 மடங்கு கூடுதல். பிரசவத்துக்கு 6 வாரத்துக்குப் பிறகு மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்ய வேண்டும். அப்போது முடியாவிட்டால், பிள்ளைக்கு இரண்டாம் மாதத் தடுப்பூசி போட வருகிற நாளிலாவது மிஸ்ஸிடம் ஞாபகப்படுத்திக் கேளுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். அடுத்த பிள்ளைக்கு நினைக்கிறபோது, கர்ப்பமாவதற்கு முன்பே பாருங்கள்.

தாய்ப்பால் கொடுப்பது பிள்ளைக்கு மட்டுமல்ல, தாய்க்கும் சீனி வருவதைக் குறைக்கிறது. இங்கேதான் சட்டம் வருகிறது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தொழிலாளிக்கு வேலை நாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, எத்தனையாவது பிள்ளையாக இருந்தாலும் 12 வார மகப்பேற்று விடுமுறை ஒன்றுபோலத்தான். மூன்றாம் பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிற பழைய கணக்கு இனி இல்லை. பிரசவத்துக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கு தரக்கூடிய வேலையைக் கொடுக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. கொழுந்து நிறைந்த கூடையோடு வழுக்குகிற சரிவில் எட்டு மாதக் கர்ப்பிணி நிற்பது தீங்கா இல்லையா என்பதைத் துரைமாரிடம் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

சங்கம் செய்ய வேண்டியவை

இதுவரை சொன்னதைத் தாய்மார் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்ய ஒரு தாய்க்கு என்ன செலவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகிறது. சீனி உள்ள தாய் சாதாரணத் தாயைவிட அடிக்கடி கிளினிக்குக்குப் போக வேண்டும். சில நேரம் தூரத்து ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். பஸ் காசு வேறு. நமது நாட்டில் வைத்தியம் இலவசம், ஆனால் அதைப் பெறப் போகிற நாள் இலவசமில்லை. சீனி வந்த தாய் கிளினிக்கைத் தவறவிட்டால், “படிப்பறிவில்லாதவள், அக்கறையில்லாதவள்” என்று எழுதிவிடுகிறார்கள். அவள் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் வராமல் இருக்கிறாள். வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கு மா வாங்க வேண்டும்.

ஆகவே சங்கம் கேட்க வேண்டியதாக நான் நினைப்பவை இவை.

1. கிளினிக் அட்டையில் திகதி குறித்த நாளுக்குக் கர்ப்பிணிக்கு முழுப் பேர் போட வேண்டும். நிர்வாகத்தோடு நடக்கிற பேச்சுவார்த்தையில் இதை எழுத்தில் வாங்குங்கள்.

2. குளுக்கோஸ் பரிசோதனை நாளில், தூரத்து டிவிசன்களிலிருந்து வருகிற தாய்மாருக்குத் தோட்ட வாகனம் வேண்டும். வெறும் வயிற்றோடு மைல் கணக்கில் நடக்க வைக்கக் கூடாது.

3. தேத்தண்ணி நேரத்தையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையும் கொழுந்து நிறுப்பதற்காகத் தள்ளிப் போடக் கூடாது. சீனி உள்ள தாய்க்கு நேரத்துக்குச் சாப்பிடுவது மருந்துக்குச் சமம்.

4. மலையில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும். போக இடமில்லை என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற தாய்க்குச் சிறுநீரில் கிருமி சேருகிறது. சீனி உள்ளவளுக்கு அது இரட்டிப்பு ஆபத்து.

5. கிளினிக்கிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்கிற அறிவுரை தமிழில் வேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஊசி அளவைக் கைச்சாடையில் சொல்லி அனுப்பக் கூடாது.

6. லயத்தோடு மரக்கறித் தோட்டத்துக்கு நிலம் வேண்டும். தோட்டக் கடையில் மாவுக்கும் சீனிக்கும் பக்கத்தில் கடலையும் பயறும் கட்டுப்படியான விலைக்கு இருக்க வேண்டும்.

தலைவிமாருக்கு ஒரு வேலை. உங்கள் தோட்டத்தில் இப்போது எத்தனை கர்ப்பிணிகள், அவர்களில் எத்தனை பேர் 24 வாரத்தைத் தாண்டிவிட்டார்கள், எத்தனை பேர் இரண்டாவது பரிசோதனை செய்துவிட்டார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். வருத்தம் யாருக்கு இருக்கிறது என்பதைப் பீலிக்கரையில் பேச வேண்டாம், அது அந்தத் தாயின் சொந்த விஷயம். பரிசோதனைக்குப் போனாளா, போகாவிட்டால் எது தடுத்தது என்பதை மட்டும் எழுதுங்கள். பேரா, பஸ்ஸா, பயமா, புருஷனா? அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். நிர்வாகத்தின் முன்னால் மேசையில் வைப்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

35 வயதைத் தாண்டிய பெண்கள் சுவநாரி கிளினிக்குக்கும், ஆணும் பெண்ணும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்துக்கும் போய் இலவசமாகச் சீனியும் அழுத்தமும் பார்க்கலாம். தலைவர்மாரும் ஒருநாள் போய்ப் பாருங்கள். உங்களில் எத்தனை பேருக்கு ஏற்கெனவே இருக்கிறதோ தெரியாது.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். கூட்டத்தில் கேட்க வெட்கமாக இருந்தால் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.